குக்கரோடு ஒரு திருடி

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். மூன்றாம் நாளாகத் துணி காயவில்லை. ஸ்கூட்டர் நாலாவது உதையில்தான் கிளம்பியது. லாஸ்பேட்டையிலிருந்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள், ரெயின்கோட் கிழிசல் வழியாக இடது தோள் முழுக்க ஈரம்.

இன்று கண்ணில் பட்ட பிழைகள்:
— சனிக்கிழமை வந்த நம் பேப்பர், முதல் பக்கம்: "கணமழை எச்சரிக்கை".
— அதே பேப்பர், மூன்றாம் பக்கம்: "ஏரிகள் நிறம்பின".
— டீக்கடை டிவியில் ஓடிய வரி: "பள்ளிகளுக்கு விடுமறை". நான் டீ குடித்து முடிக்கும் வரை அப்படியே ஓடியது.
— இன்னொரு பேப்பர், பெரிய பேப்பர்தான்: தலைவர் "கண்டணம்".

முதலாளியிடம் (இனி மு.) நம் இரண்டையும் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"உமா, மழ வரும்னு படிக்கிறவனுக்குப் புரிஞ்சுதா இல்லியா? அப்புறம் இன்னா?"

"சாம்பார்ல கல்லு கெடந்தாலும் சாம்பார்னு புரியும் சார். சாப்பிடுவீங்களா?"

பாஸ்கர், எங்கள் ரிப்போர்ட்டர் (இனி பா.), சிரிப்பை அடக்க இருமினான். மு. சிரிக்கவில்லை. "உன் வேல பக்கத்துல வெக்கிறது. படிக்கிறது இல்ல."

சரிதான். சம்பள ரசீதில் என் பெயருக்கு நேரே 'பக்க வடிவமைப்பு' என்றுதான் இருக்கிறது. புரூஃப் பார்க்க ஆள் உட்கார்ந்த மேசையில் இரண்டு வருடமாகத் தண்ணீர் கேன். செய்தியை யாரும் எழுதுவதுகூட இல்லை. பா. பைக்கை ஓரம் கட்டி போனில் பேசுவான், போன் அதைக் கேட்டு எதைத் தட்டியதோ அது எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். மாலைப் பத்திரிகை, பன்னிரண்டரைக்குள் பக்கம் அச்சகம் போக வேண்டும். அதனால் புதுப் பக்கம் என்று ஒன்றைத் திறப்பதே இல்லை. நேற்றைய பக்கத்தைத் திறப்பது, அதன் மேலேயே இன்றையதை ஒட்டுவது. பெட்டி அதே பெட்டி, உள்ளே இருப்பது மட்டும் மாறும். இதற்குப் பெயர் வேகமாம்.

பத்திரிகையை ஆரம்பித்தவர் மு.வின் அப்பா. சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சுவரில் மீசையோடு நிற்கிறார். அவர் படக் கண்ணாடி மட்டும் தினமும் துடைக்கப்படுகிறது.

முடிவு: இன்றிலிருந்து என் நான்கு பக்கத்திலும் ஒவ்வொரு எழுத்தையும் படிப்பேன். என் கண்ணை யார் பிடித்துக் கட்டப்போகிறார்கள்?

ஐந்தாம் பக்கப் பெட்டியில் உப்பளம் மகளிர் குழுச் சமையல் போட்டி. முதல் பரிசு, அஞ்சலை என்று ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். பரிசாக வந்த குக்கரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறார். நல்ல படம். பெரிதாகவே வைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கொட்டித் தீர்த்தது. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது.

பா.வின் செய்தி வந்தபோது மணி பன்னிரண்டு இருபது. முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் நகையும் பாத்திரங்களும் திருடிய பெண் கைது. "அஞ்சாம் பக்கத்துப் பெட்டியில போடு," என்றார் மு. செய்தியில் 'விசாரனை', 'கைது செய்தணர்', 'பீறோ'. எல்லாவற்றையும் பிடித்தேன். ஒற்று விட்ட இடங்களில் ஒற்றுப் போட்டேன். தலைப்பை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன். பக்கம் போனது பன்னிரண்டு முப்பத்தொன்று.

நான்கு பக்கம். ஒரு பிழை கிடையாது! மறுபடி எழுதுகிறேன், ஒரு பிழை கிடையாது. படிக்க ஆள் வேண்டாம் என்ற மு. இன்றைய பேப்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும்.

வீட்டில் குமாரிடம் சொன்னேன். "முனிசிபாலிட்டி மெரியில மேடை போட்டு மெடல் குத்தப் போறாங்க உனக்கு," என்றார் டிவியைப் பார்த்துக்கொண்டே. புருஷன் என்று ஒருவர்.

கேஸ் புக் செய்தாயிற்று. தயிர் வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

வெயில். சுள்ளென்று.

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்தரைக்கு ஒரு அம்மா படியேறி வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் மடித்த நம் பேப்பர். எங்கேயோ பார்த்த முகம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மு.வின் மேசையில் பேப்பரை விரித்தார்.

"இது யாருன்னு சொல்லுங்க."

மு. பேப்பரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். நான் என் இடத்திலிருந்தே பார்த்தேன். 'நகை, பாத்திரங்கள் திருடிய பெண் கைது'. அதன் கீழே அஞ்சலை. குக்கரை அணைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

பா. படமே அனுப்பவில்லை. நான் தலைப்பை மாற்றினேன், செய்தியை மாற்றினேன், எழுத்து எழுத்தாகப் படித்தேன். திங்கட்கிழமைப் படம் பெட்டிக்குள் அப்படியே இருந்திருக்கிறது. கண் அதன் மேல் பத்துத் தடவையாவது போயிருக்கும். எழுத்து இல்லை என்பதால் படிக்கவில்லை.

"நேத்து சாயந்தரத்துல இருந்து ஊரே கேக்குது. 'இன்னாக்கா, குக்கரும் திருடனதா?'ன்னு. பரிசு வாங்கின குக்கருங்க அது! இன்னும் அட்டப்பெட்டியிலதான் கீது."

"தப்பு நடந்துடுச்சும்மா. டெக்னிக்கல் மிஸ்டேக். வருத்தம் தெரிவிச்சுப் போட்டுடறோம்."

"எப்பிடிப் போடுவீங்க? இதே எடத்துல, படத்தோடவா?"

"வழக்கமா ஏழாம் பக்கத்துல கீழ ஒரு வரி போடுவோம்."

"திருடின்னு போடறது அஞ்சாம் பக்கம், பெருசா. திருடி இல்லன்னு போடறது ஏழாம் பக்கம், கீழயா?"

மு. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்த அம்மா தண்ணீரைத் தொடவில்லை. விஷயம் இதுதான். உப்பளத்தில் அவருக்குச் சின்ன வடைக்கடை. கோரிமேட்டில், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் வருகிற திங்கள் முதல் சமையல் வேலை பேசி முடித்திருக்கிறது. மாதச் சம்பளம், மழையானாலும் வெயிலானாலும். இன்று காலை லாட்ஜ்காரர் போன் செய்திருக்கிறார். பேப்பரில் மறுப்பு வரட்டும், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து காட்டு, இல்லையென்றால் வேறு ஆள்.

"யாருங்க வெச்சது இந்தப் படத்த?" என்று கேட்டார் கடைசியாக.

"அது கம்ப்யூட்டர்ல வர்றதும்மா," என்றார் மு.

பா. என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை, மழை அளவுப் பட்டியல். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா படி இறங்கும் சத்தம் நிற்கும் வரை.

ஊரில் எவன் பிழை விட்டாலும் பட்டியல் போடுகிறவள் நான். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

நவம்பர் 13, வியாழன்

மறுபடி தூறல்.

ஏழாம் பக்கம் மு. பார்ப்பது, விளம்பரப் பக்கம். அதில் கீழே வந்தது: 'நேற்று ஐந்தாம் பக்கத்தில் வெளியான படம் தவறுதலாக இடம்பெற்றது. வருந்துகிறோம்.' அவ்வளவுதான். யார் படம், என்ன தவறு, ஒன்றும் இல்லை.

அதிலும் ஒரு கூத்து. இந்த வரியை மு. நேற்றே எழுதிவிட்டார். நேற்று ஒரு விளம்பரம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதால் இன்றைக்குத் தள்ளிப் போட்டார். 'நேற்று' என்பதை மாற்றவில்லை. புதன்கிழமை ஐந்தாம் பக்கத்தில் யார்? வார்டு பிரமுகர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழைத் தண்ணீரில் இறங்கி ஆறுதல் சொல்கிறார்.

நான்கு மணிக்கு ஐந்து பேரோடு வந்துவிட்டார்.

"முட்டி வரைக்கும் தண்ணியில நின்னவன் நானு. எம்படம் தவறா? நான் போவவே இல்லன்றீங்களா?"

மு. எழுந்து நின்று பேசினார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. அவர்கள் போனதும் நேராக என் இடத்துக்கு.

"உமா, நாளைக்கு மொதப் பக்கம். அவர் படத்தோட. மூணு காலம்."

"அந்த அம்மாவுக்கு சார்?"

"அதான் போட்டாச்சே."

"யாருக்குப் போட்டீங்க? அந்த வரிய வெச்சு அவங்க யாருகிட்ட இன்னான்னு காட்டுவாங்க?"

"உமா. வெக்கிறது உன் வேல."

மூன்று காலம், அதாவது மூன்று பத்தி அகலம் என்றால் கால் பக்கம். அந்த அம்மாவுக்கு ஒரு வரி.

நவம்பர் 14, வெள்ளி

முதல் பக்கம் வேட்டிக்காரர். 'தவறான புரிதலுக்கு வருந்துகிறோம்'. இரண்டு 'வருந்துகிறோம்', ஒரு 'மன்னிக்கவும்'. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, ஏனென்றால் மு. கண்ணாடி போட்டுக்கொண்டு தானே மூன்று முறை படித்தார். அப்படியானால் படிக்கத் தெரிகிறது.

வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை உப்பளம் பக்கம் விட்டேன். விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். ஒருவன், "குக்கரக்கா கடையா?" என்றான். அதற்குள் பெயரே வைத்துவிட்டார்கள்.

தார்ப்பாய் போட்ட கடை. வாணலியில் எண்ணெய் காய்கிறது, சாப்பிடுகிறவர் ஒரே ஒருவர். அஞ்சலை அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பழைய பேப்பர் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏஜெண்டிடம் விற்காமல் மிஞ்சும் பேப்பர், வடை கட்டிக் கொடுக்க வாங்குவாராம். செவ்வாய்க்கிழமைப் பேப்பர் வந்தால் ஐந்தாம் பக்கத்தை மட்டும் கிழித்து அடுப்பில் போடுகிறார்.

"எம்மூஞ்சி மேலயே வடைய வெச்சு எப்பிடிம்மா குடுக்கறது? உங்களுக்கு எத்தினி வடை?"

"நான் பேப்பர் ஆபீஸ்ல இருந்து வரேன். அந்தப் படத்த வெச்சது நான்தான். கம்ப்யூட்டர் இல்ல."

கரண்டியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயி அன்னிக்கு எனக்கு நேராதான உக்காந்துகினு இருந்த? பொட்டிக்குள்ள மூஞ்சிய வெச்சுகினு?"

"ஆமா."

"நான் கேட்டப்போ ஏன் வாயத் தொறக்கல?"

"பயந்துட்டேன்."

"எனக்கு மட்டும் பயம் இல்லியா? படியேறி வரல?"

மன்னிப்புக் கேட்டேன். "கேட்டு இன்னா ஆவப்போவுது," என்றார். கோபமாகக்கூட இல்லை. "நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள அந்தாளுக்குப் பேப்பர் காட்டணும். ஏழாம் பக்கத்துத் துண்ட எடுத்துகினு போனேன். இதுல உம்பேரே இல்லியேன்றாரு."

வடை சாப்பிடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இறங்கியிருக்காது.

வீட்டில் குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன செய்யப்போகிறேன் என்பதையும்.

"வேல போயிடும் உமா. ரெண்டு நாள் யோசிச்சுச் செய்."

"நாளைக்கு அஞ்சு மணியோட முடிஞ்சிடும்."

அவர் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கான்ட்ராக்ட் வேலைதான். எனக்குத் தெரியாதா?

நவம்பர் 15, சனி

மேகமூட்டம், மழை இல்லை. ரெயின்கோட் கிழிசலில் செலோடேப் ஒட்டியிருந்தது. நான் ஒட்டவில்லை.

போனதும் மு.விடம் கேட்டேன். நேராக, நின்றுகொண்டு. அஞ்சாம் பக்கம், அதே பெட்டி, அதே அளவு, படத்தோடு மறுப்பு.

"வக்கீல கேட்டுட்டேன். தப்புன்னு விரிவா அச்சுல ஒத்துக்கக் கூடாது. நாளைக்குக் கேஸ் போட்டா?"

"அந்தப் பிரமுகருக்கு மொதப் பக்கத்துல ஒத்துக்கிட்டோமே சார்."

"அவரும் இந்தம்மாவும் ஒண்ணா?"

இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. என் இடத்துக்கு வந்தேன். மற்ற மூன்று பக்கத்தையும் முடித்தேன். ஐந்தாம் பக்கத்தைக் கடைசியாக எடுத்தேன். பா. ஒரு மரம் விழுந்த செய்தி அனுப்பியிருந்தான், பெட்டிக்கு. அதை ஆறாம் பக்கத்தில் ஓரமாக வைத்தேன். அந்த மரம் கோபித்துக்கொள்ளாது.

பெட்டியில் நான் வைத்தது:

'இவர் திருடி அல்லர். படத்தில் இருப்பவர் உப்பளம் அஞ்சலை. மகளிர் குழுச் சமையல் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். கையில் இருப்பது பரிசாகப் பெற்ற குக்கர். செவ்வாய்க்கிழமை இந்த இடத்தில் வந்த திருட்டுச் செய்திக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவர் படத்தை மாற்றாமல் விட்டது என் தவறு. இவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். — உமா, பக்க வடிவமைப்பாளர்.'

'எங்கள் தவறு' என்று முதலில் அடித்தேன். வக்கீலுக்கு அது ஆகாது. 'என்' என்று மாற்றினேன். பத்திரிகை மாட்ட வேண்டாம், நான் மாட்டிக்கொள்கிறேன். பா. பின்னால் வந்து நின்று படித்தான்.

"அக்கா, நெஜமாவா?"

"படம் அனுப்பாதது நீ. உம்பேரையும் சேக்கட்டா?"

போய்விட்டான். ஆனால் மு.விடம் சொல்லவில்லை. அதை எழுதி வைக்க வேண்டும். பன்னிரண்டு இருபத்தெட்டுக்குப் பக்கம் அச்சகம் போனது.

மூன்று மணிக்குக் கட்டு வந்தது. மு. சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு பேப்பரை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உப்பளம் போய்ச் சேர்வதற்குள் போன்.

"யாரக் கேட்டு வெச்ச?"

"யாரையும் கேக்கல சார்."

"திங்கக்கெழம ஆபீஸ் பக்கம் வராத." வைத்துவிட்டார்.

அஞ்சலை அம்மா பேப்பரை வாங்கிப் படித்தார். மெதுவாக, உதடு அசைய. இரண்டாம் தரமும் படித்தார். அடுப்பை அணைத்தார். "வண்டிய எடு," என்றார்.

கோரிமேடு வரை பேப்பரை மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். நாலேமுக்காலுக்கு லாட்ஜ். கீழே வரவேற்பில் பைகளோடு ஏழெட்டுப் பேர், எக்ஸ்ரே கவரும் மாத்திரைப் பையுமாக. லாட்ஜ்காரர் எழுந்து வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"வாங்கக்கா. வந்துதா? குடுங்க பாப்போம்."

பேப்பரைக் கொடுக்கச் சொல்லி அந்த அம்மாவை முழங்கையால் இடித்தேன். அஞ்சலை அம்மா பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பேப்பர் இருக்கட்டும். எத்தினி வருசமா எங்கடையில துண்ற?"

"அது ஆவுது, ஆறு வருசம்."

"ஆறு வருசத்துல எத்தினி நாளு, 'அக்கா, நீயே தொறந்து சில்லற எடுத்துக்க'ன்னு பைய எங்கிட்ட குடுத்துட்டுப் போன் பேசிகினு இருந்துக்கீற? பேப்பரப் பாக்கறதுக்கு முன்னாடி சொல்லு. நான் திருடியா?"

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லல. தங்கறவங்க நாலு பேரு நாலு விதமா…"

"அவங்கள உடு. நீ சொல்லு."

பைகளோடு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன உதவி இருக்கிறது? நானும் புதன்கிழமை அப்படித்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா."

"சத்தமா."

"நீ திருடி இல்லக்கா. எனக்குத் தெரியும்."

"தெரியுமில்ல? அப்போ போன்ல ஏன் சொல்லல?"

பேப்பரை அப்போதுதான் மேசையில் போட்டார். லாட்ஜ்காரர் அதைப் பிரிக்கவே இல்லை. சாவிக் கொத்திலிருந்து சமையலறைச் சாவியைக் கழற்றி வைத்தார். "திங்கக்கெழம காத்தால அஞ்சு மணிக்கு," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. வேலை போனதற்கா, இது நடந்ததற்கா. திங்கட்கிழமை வராதே என்று மு. சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் இரண்டு டீ சொன்னார்.

"அந்தாளு வராதன்னது எப்பிடி? நேருலயா?"

"போன்ல."

"போன்ல எல்லாத்தையும் சொல்லிடலாம்," என்றார். டீயைக் குடித்து முடித்தார். "நேருல சொல்றதுதான் கஷ்டம். பாத்தியில்ல?"

நவம்பர் 17, திங்கள்

காலை ஏழரை. நல்ல வெயில். துணி எல்லாம் மாடியில்.

குமார் டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருக்கிறார். எங்கே என்று கேட்கவில்லை.

ஆபீஸுக்குத்தான் கிளம்புகிறேன். போய் என் நாற்காலியில் உட்காருவேன். மு. பத்து மணிக்கு வருவார். வரட்டும். பா. முன்னால், எல்லோர் முன்னாலும், நான் அந்த மறுப்பைப் போட்டது தவறு என்று என் முகத்தைப் பார்த்து அவர் சொல்லட்டும். சத்தமாக.